முப்பத்தேழாவது சுற்று

பத்தொன்பது வருடம்
ஏசிக்குக் கீழே உட்கார்ந்து
பிறர் கழுத்துச் சூட்டை எடை போட்டேன்.

கூத்தாநல்லூர் கடைவீதி, முதல் மாடி.
கண்ணாடிக் கதவில் சிரிக்கும் குடும்பம் ஒன்றை ஒட்டியிருக்கும்.
வளையல், தோடு, தாலிக்கொடியில் கோத்த குண்டு.
உரைகல்லில் ஒரு கோடு, அதன்மேல் ஒரு சொட்டு.
கல் கழித்து, அழுக்குக் கழித்து
மீதியைத் திரையில் தட்டினால்
அது வெறும் எண்.
எண்ணுக்கு முகம் கிடையாது.
அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஏல நோட்டீசின் அடியில் என் கையெழுத்து.
தமயந்தி, உதவி மேலாளர்.
'த'வின் வாலைச் சற்று நீட்டி இழுப்பேன்,
அழகுக்கு.

ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு
நல்ல கதையாக ஒன்று வைத்திருக்கலாம்.
இல்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, பாதித் தயிர்சாதத்தில்,
கீழ்க்கடையில் பிரித்த மோட்டாரின்
கருகல் வாசம் படியேறி வந்தது.
இறங்கிப் போய்ப் பார்த்தேன்.
மறுபடி மேலே போனேன், எட்டு மாதம் போனேன்.
மூக்கு மட்டும்
கீழேயே தங்கிவிட்டது.

இப்போது என் முதலாளிக்கு வயது இருபத்துமூன்று.
ஜமீல். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன்.
என்னை அக்கா என்பான், என் முடிச்சைக் குப்பை என்பான்,
இரண்டும் ஒரே குரலில்.

"ஒயரை இழுக்காதீங்க அக்கா, வர விடுங்க.
தோல் கீறினா
தண்ணி உள்ள பூந்து பேசும்."

முதல் மாதம் விரல்நுனிகள் உரிந்தன.
ரேஷன் கடை மிஷின் மூன்று முறை
நான் நானில்லை என்றது.
சம்பளம் பழையதில் மூன்றிலொன்று;
வீட்டுக்காரர் நாட்காட்டியின் பின்பக்கம் கணக்குப் போட்டார், பேசாமல்.
மகள் தோழிகளிடம்
"அம்மா எலக்ட்ரிகல் லைன்ல இருக்காங்க" என்கிறாள்.
பொய்யில்லை.

ஆபீசிலிருந்து நான் எடுத்துவந்தது
எண்ணத் தெரிந்ததை மட்டும்.
அங்கே தப்பினால் சஸ்பென்ஸ் கணக்கு என்றொரு குழி உண்டு,
எதையும் அதில் தள்ளி மார்ச் வரை மூடிவைக்கலாம்.
இங்கே முப்பத்தேழு என்று நினைத்து
முப்பத்தாறில் நின்றுவிட்டால்
எங்கோ ஒரு வயலில்
த்ரீ ஃபேஸ் வரும் நடுராத்திரியில்
மோட்டார் முனகும், நாற்று பார்த்துக்கொண்டிருக்கும்.

மே மாதம். மேட்டூர் திறக்க நாளிருக்கிறது.
வாய்க்காலுக்குள் ஆடுகள் நடந்து போகின்றன.
போரை நம்பிக் குறுவைக்கு விதை விட்டவர்கள்
லோ வோல்டேஜைத் திட்டிக்கொண்டு வருகிறார்கள்.
அப்படித்தான் மருதாம்பாள் வந்தார், அதங்குடியிலிருந்து,
குட்டியானையின் பின்னால்
எரிந்த மோட்டாரை மடியோடு அணைத்து உட்கார்ந்தபடி.

என்னைப் பார்த்தார்.
முகம் பார்த்துக் கையையும் பார்த்தார்.
"நீங்க ஏல மேடம்தானே?"

எண் போயிற்று.
என்னை அறியாமல் அவர் காதைப் பார்த்தேன்.
துளையில் வேப்பங்குச்சி.
நாலு கிராம் இருநூறு மில்லி, கல் கழித்து.
முகம் நினைவில்லாத எனக்கு
எடை நினைவிருந்தது.

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
நான் கேட்டது: "எத்தனை ஹெச்பி?"

"அஞ்சு. வெள்ளிக்கெழம வேணும்.
நோட்டீஸ் அனுப்ப வேணாம், போன் பண்ணுங்க."

ஜமீல் சிரித்தான்.
அவர் சிரிக்கவில்லை.
பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு
எனக்கெதிரே உட்கார்ந்துகொண்டார்.

"எண்ணித்தானே சுத்துறீங்க?"
"ஆமா."
"சத்தமா எண்ணுங்க."

கையிலிருந்தது வேறு யாருடைய மோட்டாரோ.
உருவி எடுத்தேன், முதலிலிருந்து.
ஒண்ணு என்றேன்.
ம் என்றார்.
ரெண்டு.
ம்.

இருபதுக்கு மேல்
குரல் கொஞ்சம் தேறியது.